மூன்றாம் ஓலை

ஸ்பின்ஸ்டர். பிரசங்கம் முடிந்ததும் அறிவிப்பு, அறிவிப்பில் ஓலை, ஓலையில் அந்தச் சொல். ஹெப்சிபா என்கிற பெயருக்குப் பக்கத்திலேயே அதை ஒட்டவைத்து ஐயர் மைக்கில் சொல்லுவார், ஊர் கேட்கச் சொல்லுவார். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களுக்குக் குருவானவர் ஐயர், சர்ச் கோயில், கல்யாண அறிவிப்பு ஓலை. வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக் கேட்க வேண்டும். இரண்டு வாரம் கேட்டாயிற்று, ஒருவரும் மூச்சு விடவில்லை. இன்று மூன்றாவது, கடைசி. ஐம்பத்தாறு வயதில் ஹெப்சிபா வாடாமல்லி நிறப் பட்டுப்புடவையில், பாச்சை உருண்டை வாசனையோடு, பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். சந்தோஷம்தான். சந்தோஷம்தானா? சந்தோஷமேதான், ஆனால் அதன்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ஈயின் பெயர் பொன்சிங். கூடப்பிறந்த தம்பி. ஆண்கள் பக்கத்தில் கடைசிக்கு முந்தின பெஞ்சில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு இருக்கிறான். தமிழ் ஆராதனையைத் தவிர வேறு எதற்கும் வராதவன், இங்கிலீஷ் என்றாலே காத தூரம் ஓடுகிறவன், இங்கிலீஷ் ஆராதனைக்கு இன்றைக்குப் பார்த்து எதற்கு வந்தான்? வேர்ஃபோர்? வேர்ஃபோர் என்றால் எங்கே என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏன் என்றுதான் அதற்கு அர்த்தம், அவள் கட்டிக்கொள்ளப் போகிற வேதமுத்து சார் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். வேர்ஃபோர் வந்தாய் பொன்சிங்கு?

எதற்கு வந்தான் என்று அவளுக்குத் தெரியும், தெரியாததுபோல் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் வீட்டு நடையில் நின்றுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மூணு வாரம் கேப்பாவள்லா? ஒரு வாரம் நான் எந்திச்சு நின்னு சொல்லுதேன், பாத்துக்கிடு." அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, தாலுகா ஆபீஸில் வேலை பார்த்துப் பார்த்து, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் பேசுகிற குரலே அவனுக்குக் குரலாகிவிட்டது. எதிர் வீட்டில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஹெப்சிபாவும் லேசுப்பட்டவள் இல்லை, நீ எந்திச்சு சொல்லு, நானும் எந்திச்சு ஒன் சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லுதேன் என்றாள். அதற்கு அவன் சிரித்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை. "நீ கேக்கல, எக்கா. நீ சொன்ன. சொல்லுததுக்கும் கேக்கதுக்கும் வித்தியாசம் இருக்குலா." அந்த வாக்கியம்தான் முள் மாதிரி இருக்கிறது. ஐம்பத்தாறு வயசுல யார்ட்டல கேக்கணும் என்று அவள் திருப்பிக் கொடுத்தது நியாயமான பதில்தான், இன்றைக்கும் நியாயம்தான், ஆனாலும் நியாயமான பதிலைச் சொன்ன பிறகு மனசு ஏன் இப்படிக் கிடந்து புரள்கிறது? அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவன் பெண்டாட்டி மட்டும் வந்து போகிறாள், மீன்குழம்புச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில்.

போகட்டும், அவனை நினைக்க வேண்டாம், ஸ்பின்ஸ்டரையே நினைக்கலாம். மேலே மின்விசிறி நீளக் கம்பியில் தொங்கி ஆடி ஆடிச் சுற்றுகிறது, பக்கத்தில் ஃப்ளோரா டீச்சர் கைப்பைக்குள் பெப்பர்மின்ட் தாளைப் பிரிக்கிற சத்தம், பிரசங்கத்தில் யாரோ எங்கேயோ மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள். புடவையில் குத்தின பின் தோளைக் கடிக்கிறது. முதலில் அந்தச் சொல்லைக் கேட்டபோது இப்படித்தான் கடித்தது. ஐயர் ஓலைப் படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார், பார்த்தால் வேதமுத்து சார் பெயருக்குப் பின்னால் விடோயர், இவள் பெயருக்குப் பின்னால் ஸ்பின்ஸ்டர். விடோயர் என்றால் ஒருத்தியை இழந்தவர் என்று ஒரு மரியாதை இருக்கிறது. ஸ்பின்ஸ்டர்? கல்யாணமே ஆகாமல் நின்றுபோனவள், காய்ந்துபோன ஊறுகாய் மாதிரி ஒரு சொல். ஐயருக்கே சங்கடமாகிவிட்டது. "பழைய ஃபார்ம்மா, அப்படியேதான் வருது, வேணும்னா அந்த ஒரு வார்த்தைய முழுங்கிட்டு வாசிக்கேன்" என்றார். வேதமுத்து சார்தான் பக்கத்தில் நின்று, அவருடைய அந்த அவசரமே இல்லாத குரலில் சொன்னார். "நூல் நூத்தவ, மேடம். அதான் அர்த்தம். அந்தக் காலத்துல கல்யாணம் ஆவாத பொம்பளைக்குச் சொந்தமா வருமானம் வர்ற தொழில்னா நூல் நூக்கதுதான். தன் சோத்தைத் தானே சம்பாதிச்சவ. பொறவுதான் கோர்ட்டுக்காரனெல்லாம் சேந்து அதை இப்படி ஆக்கிட்டான். நானே ஆயிரம் தடவ டைப் அடிச்சிருக்கேன்." அவர் ஜில்லா கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னதும் ஹெப்சிபாவுக்குத் தான் வேலை பார்த்த டெலிபோன் எக்சேஞ்சு ஞாபகம் வந்தது. வெளியூர்க் கால் இணைக்கிற டிரங்க் போர்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோன், கையில் கயிறு கயிறாக ஒயர், இந்த ஓட்டையில் தூத்துக்குடி, அந்த ஓட்டையில் மெட்ராஸ். நூல் நூற்கவில்லை என்றாலும் கயிற்றோடுதான் பிழைப்பு. தன் சோற்றைத் தானே சம்பாதித்தவள். முழுங்க வேண்டாம் ஐயரே, சத்தமாவே வாசியுங்க என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நில்லாமல், ஓலை வாசிக்கிற அன்று பெண் கோயிலுக்கு வரக்கூடாது என்று அவள் வீட்டில் வைத்திருந்த பழைய வழக்கத்துக்கு இரண்டு வாரம் கட்டுப்பட்டுவிட்டு, மூன்றாவது வாரம் முடியாது என்று கிளம்பி வந்துவிட்டாள். அந்தச் சொல்லைத் தன் பெயரோடு சேர்த்துக் கடைசித் தடவை சொல்லப் போகிறார்கள், வழியனுப்ப ஆள் வேண்டாமா?

வேதமுத்து சார் அந்தப் பக்கம், தூணுக்கு அருகில், சுவரில் பதித்த பளிங்குக் கல்லுக்குக் கீழே இருக்கிறார். வழுக்கையில் ஜன்னல் வெளிச்சம் விழுகிறது, பார்க்கக் கூடாது, பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். எல்லாம் அந்தக் கல்லிலிருந்துதான் ஆரம்பித்தது. என்றைக்கோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் துரைசானிக்கு வைத்த கல், அதில் அவளை இன்னாருடைய ரெலிக்ட் என்று வெட்டியிருக்கிறது. ஆராதனை முடிந்து வாசலில் டீ கொடுக்கும்போது ஹெப்சிபா சும்மா கேட்டாள், ரெலிக்ட்னா என்ன சார், மிச்சம்னா? ஆமாம் மேடம், விதவைன்னு அர்த்தம், புருசன் போனதுக்குப் பிறவு மிச்சம் இருக்கிறவன்னு சொல்லுதான் என்றார். இரண்டு பேருக்கும் கோபம் வந்தது, அதுவும் ஒரே அளவுக்கு வந்தது, அதுதான் விசேஷம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் டீயோடு ஒரு சொல். யாரும் பேசாமல் விட்டுவிட்ட சொல்லாக இருக்க வேண்டும், அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த வாரத்துக்குள் முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைப் பேச்சில் பயன்படுத்திவிட்டு அடுத்த ஞாயிறு வந்து உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். இந்தச் சொல்லையெல்லாம் ஜாமீன்ல வெளிய எடுக்கோம் என்பார் அவர், பழக்க தோஷம். வெக்ஸ்ட், எரிச்சலில் இருக்கிறவர் என்று அர்த்தம், அந்தச் சொல் வந்த வாரம் அவர் கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, சிலிண்டர் வராததால் தான் வெக்ஸ்ட் ஆக இருப்பதாகச் சொல்ல, அந்தப் பெண் மிஸ்டர் வெக்ஸ்ட் லைனில் இருங்கள் என்று பாட்டுப் போட்டுவிட்டாள். அனான் வந்த வாரம் ஹெப்சிபா வண்ணார்பேட்டை பஸ்ஸில், சில்லறை கேட்ட கண்டக்டரிடம் அனான் என்றாள், இதோ கொஞ்ச நேரத்தில் என்று அர்த்தம். "அந்தப் பேர்ல ஸ்டாப்பிங் கெடையாதும்மா, எறங்கி வேற வண்டி பாருங்க" என்றான் அவன். அதைச் சொல்லும்போது வேதமுத்து சார் சிரித்த சிரிப்பில் டீ முழுக்க அவர் சட்டையில். அந்தக் கறையைப் பார்த்தபோது ஏனோ அவளுக்கு அந்தச் சட்டையைத் துவைக்க வேண்டும் என்று தோன்றியது. சீ, இது என்ன நினைப்பு என்று தலையில் தட்டிக்கொண்டாள். தட்டினாலும் அது போகவில்லை.

மழை பெய்த அந்த ஞாயிறு. கார் நிறுத்துகிற முகப்பில் ஒண்டி நின்றிருந்தார்கள், டீ ஆறிப்போயிருந்தது, தார்ச்சாலையில் விழுந்த தண்ணீர் செருப்பெல்லாம் தெறித்தது. இந்த வாரம் என்ன சொல் சார் என்று இவள்தான் கேட்டாள். பிட்ரோத் என்றார். தெரியும், கல்யாணத்துக்கு வாக்குக் கொடுக்கது, நிச்சயம் பண்ணுதது, ட்ரோத்னா நிசம், அந்தச் சொல்லும் அதுக்குள்ள கெடக்கு, நீங்க போன வருசமே சொன்னியளே, வாக்கியத்துல அமைச்சியளா இல்லையா என்றாள் இவள். "அமைச்சுப் பாத்தேன் மேடம்" என்றார், மழையைப் பார்த்துக்கொண்டே. "ஒரு ஆள் குறையுது." ஹெப்சிபா உடனே புரிந்துகொண்டாள், புரிந்துகொள்ளாதவள்போல் குடையை உதறினாள், இரண்டு தடவை உதறினாள், விரிக்காத குடை. அப்புறம் ஒரு ஃபார்ட்நைட் டைம் குடுங்க என்றாள். பதினாலு ராத்திரி, அதுதான் ஃபார்ட்நைட், இரண்டு வாரம் என்று சொல்லலாம், ஆனால் ராத்திரியை எண்ணுகிற சொல்லில் எவ்வளவு நேர்மை இருக்கிறது, தூக்கம் வராமல் புரளப் போவதை முதலிலேயே ஒப்புக்கொண்ட சொல். ஆனால் அவள் ஃபார்ட்நைட் முடிகிறவரை எங்கே இருந்தாள்? புதன்கிழமையே போன் போட்டுவிட்டாள். "டைம் இன்னும் இருக்கே மேடம்" என்றார் அவர். "இருக்கட்டும் சார், மிச்சத்தை நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள். சார் என்றும் மேடம் என்றும்தான் இன்றைக்கும் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை, அதுவும் ஜாமீனில் இருக்கட்டும். கோயம்புத்தூரிலிருக்கிற அவர் மகள் போனிலேயே அழுது சிரித்து, அப்பாவோட அந்தச் சொல்லையெல்லாம் இனிமே நீங்க கேட்டுக்கிடுங்க அத்தை, எங்களுக்கு விடுதலை என்று சொல்லிவிட்டது. எல்லாரும் சரி. எல்லாரும் சரி என்ற பிறகு, அவள் வளர்த்த பிள்ளை ஒன்று பின்னால் உட்கார்ந்து தொண்டையைக் கனைக்கிறது.

பெப்பர்மின்ட் கைக்குள் வந்து விழுகிறது. ஃப்ளோரா டீச்சர் குனிந்து, "என்னட்டி, கை சில்லுன்னு இருக்கு?" என்கிறாள், இவள் ஒண்ணுமில்லை என்கிறாள், நாக்கில் குளிர்ச்சி ஏறுகிறது. அம்மா போனபோது பொன்சிங் இரண்டாம் வகுப்பு. அதற்கப்புறம் ஊர் ஒரு கதையை எழுதிக்கொண்டது, ஹெப்சிபா தம்பிக்காகத் தன் வாழ்க்கையையே தியாகம் பண்ணிவிட்டாள் என்று. மாதர் சங்கத்தில் ஒருமுறை மேடையிலேயே சொல்லிக் கைதட்டினார்கள். சாக்ரிஃபைஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் காது கூசும். தியாகமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் ஒருவன் பஜ்ஜியைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, இன்னொருவன் வேலையை விட்டுவிட வேண்டும் என்றான். எக்சேஞ்சை விடுவதா? பிபி கால் என்று ஒன்று உண்டு, இன்ன ஆளோடுதான் பேச வேண்டும், வேறு யார் எடுத்தாலும் வேண்டாம் என்று பதிவு பண்ணுகிற கால். அந்த ஆள் லைனுக்கு வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். அவளும் அப்படித்தான் இருந்தாள், குறிப்பிட்ட ஆள் வரவில்லை, வராதவரைக்கும் சந்தோஷமாகவே இருந்தாள், இவ்வளவுதான் கதை. ஆனால் பொன்சிங் ஊர் எழுதின கதையை நம்புகிறவன். எனக்காக நின்னுபோன கல்யாணம் என்று சின்ன வயதிலிருந்தே தலையில் சுமந்துகொண்டிருக்கிறான், பாவம். அவளுக்கு நல்லது எது நடந்தாலும் தான்தான் முன்னால் நின்று நடத்திவைக்க வேண்டும் என்று எத்தனை வருஷமாக நினைத்திருப்பான்? அவனிடம் போய், சபையில் ஓலை கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை இன்னார், ஆடித்தள்ளுபடி மாதிரி ஒரு சேதியாக அல்லவா சொல்லிவிட்டு வந்தாள்? கேட்கத் தெரியாமலா போயிற்று? பயந்துவிட்டாள், அதுதான் உண்மை. கேட்டால் வேண்டாம் என்பானோ என்று பயம், அவன் வேண்டாம் என்றால் இவளால் தாங்கமுடியாது, தாங்கமுடியாததால் கேட்கவே இல்லை. நீ கேக்கல, எக்கா. கேட்கவில்லைதான். அதற்காக எழுந்து நின்று, இத்தனை பேருக்கு முன்னால், அவர் தலைகுனிய, வேதமுத்து சார் அந்தப் பளிங்குக் கல்லுக்குக் கீழே தலைகுனிய… வேண்டாம்ல பொன்சிங்கு. கடவுளே, அவனுக்கு இங்கிலீஷ் புரியக் கூடாது, எந்த இடத்தில் எழ வேண்டும் என்று தெரியாமலே ஓலை முடிந்துவிடட்டும்.

மலை ஏறினவர்கள் இறங்கிவிட்டார்கள்போல, ஆமென் வந்துவிட்டது. காணிக்கைப் பாட்டு. அறிவிப்பு. செவ்வாய்க்கிழமை மாதர் கூடுகை, தண்ணீர்த் தொட்டி கழுவுவதால் வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் வராது. ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிவத்தை எடுக்கிறார். ஃப்ளோரா டீச்சர் முழங்கையால் இடிக்கிறாள். விடோயர், அவர் பெயர். அப்புறம் அவள் பெயர், முழுப்பெயர், ஹெப்சிபா ஞானதீபம், அப்புறம் ஸ்பின்ஸ்டர். அடடா, இவ்வளவுதானா? மைக்கில் வரும்போது அந்தச் சொல் எவ்வளவு லேசாக இருக்கிறது, ராட்டையில் சுற்றி விட்ட மாதிரி ஒரு சத்தம், ஸ்பின் என்று ஆரம்பித்து ஓடிப்போய்விட்டது. போய் வா. என் சோற்றை நானே சம்பாதித்தேன், உனக்கு ஒரு கும்பிடு. அவள் முகம் தானாக மலர்ந்தது, தூணுக்கு அந்தப் பக்கம் வழுக்கையும் இவள் பக்கம் திரும்பிச் சிரிக்கிறது, அந்த நிமிஷத்தில் கோயிலே அவளுக்குச் சொந்தம்போல இருந்தது. அதற்குள் ஐயர் அடுத்த வரிக்கு வந்துவிட்டார், இம்பெடிமென்ட், தடை, நியாயமான தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள், மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், கடைசித் தடவையாகக் கேட்கிறேன். நிறுத்தினார். நிறுத்த வேண்டும் என்பது முறை. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. லைனில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தும் யாரும் பேசாமல் இருக்கும்போது காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்குமே, அது கேட்கிறது. சொல்லுங்க, பேசுங்க, லைன்ல இருக்கீங்களா? ஐயர் படிவத்தை மடிக்கக் கையை எடுத்தார். பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது.

திரும்பாமலே தெரிந்தது, ஆனாலும் திரும்பினாள். பொன்சிங் எழுந்து நிற்கிறான். வெள்ளைச் சட்டையின் மேல்பட்டன் வரைக்கும் போட்டிருக்கிறான், ஆபீஸில் பெரிய அதிகாரி வரும்போது நிற்பானே, அந்த நிற்பு. இங்கிலீஷ் ஆராதனைக்கு வருகிற அத்தனை தலைகளும் திரும்பின. வேதமுத்து சார் பாதி எழுந்து அப்படியே நிற்கிறார். ஃப்ளோரா டீச்சர் ஹெப்சிபாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பொன்சிங் தொண்டையைக் கனைத்தான், மைக் இல்லாமலே கடைசிச் சுவர் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"நோ அப்ஜெக்‌ஷன், ஐயரே!"

ஐயர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். போதவில்லையோ என்று நினைத்துக்கொண்டான்போல. "ஃபேமிலி சைடு" என்றான், நெஞ்சில் கையை வைத்துக் காட்டி. "அக்காவுக்கு நான்தான் ஃபேமிலி. நோ அப்ஜெக்‌ஷன்." முதலில் ஐயர்தான் சிரித்தார், அதுவும் மைக்கிலேயே, அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை, பளிங்குக் கல்லில் இருக்கிற துரைசானிக்கே கேட்டிருக்கும். நோட்டட் பிரதர், தேங்க் யூ, ப்ளீஸ் சிட் என்றார் ஐயர். பொன்சிங் உட்காரவில்லை, கையெழுத்து வாங்காமல் போகிற பழக்கம் அவனுக்கு இல்லை, ஐயர் படிவத்தில் ஏதோ எழுதுவதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தான். ஹெப்சிபாவுக்குக் கண் மறைத்தது, சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே தோளில் குத்தின பின்னைக் கழற்றினாள். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள், அவள் வாய் எந்த வரியைப் பாடிற்றோ அவளுக்கே தெரியாது.

வாசலில் டீ. வேதமுத்து சார் இரண்டு டம்ளரை ஏந்திக்கொண்டு தள்ளி நின்றார், இது அக்கா தம்பி விவகாரம் என்று தெரிந்த மனிதர். "யாருல ஒன்னைய எந்திக்கச் சொன்னா?" என்றாள் ஹெப்சிபா. "வேண்டாம்னு சொல்லுதவங்கதான் எந்திக்கணும். சும்மா இருந்தா சரின்னு அர்த்தம்."

"சும்மா இருந்தா எப்படிச் சரின்னு ஆவும்?" பொன்சிங்குக்கு நிஜமாகவே புரியவில்லை. "எங்க ஆபீஸ்ல சும்மா இருந்தா ஃபைலு அங்கனயே கெடந்து மக்கிப்போவும். ரெண்டு வாரமா ஐயரு கேட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்கலன்னு எம் பொண்டாட்டி வந்து சொன்னா. எனக்குப் பதறிப்போச்சு. ஒனக்கு என்.ஓ.சி. நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்?" சொல்லிவிட்டு டீயை ஊதினான், ஆறின டீயை. கண்ணைப் பார்க்கவில்லை. "ஐயராவது மூணு தடவ கேட்டாரு."

ஹெப்சிபா அவன் சட்டையின் மேல்பட்டனைக் கழற்றிவிட்டாள், கழுத்து சிவந்திருந்தது.

"ஏல பொன்சிங்கு. நான் வேதமுத்து சாரைக் கட்டிக்கிடட்டுமா?"

அவன் நிமிர்ந்தான். "கேக்கியா, சொல்லுதியா?"

"கேக்கேன்ல" என்றாள்.